ஒயர் கூடைப் பூனைக்கு ஒரு பாலிசி

வடக்குத்திலிருந்து நிலக்கரிச் சுரங்க நகரியத்துக்குப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒயர் கூடை. கூடைக்குள் பூனை. கூடையின் வாயைத் துண்டால் மூடி, கைப்பிடிகளோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தேன். தோளில் தொங்கிய பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு தட்டு, ஒரு போர்வை. என் சொத்து எப்போதும் ஒரு தோளுக்கு மேல் வளர்ந்ததில்லை.

காண்டிராக்ட் ஆட்கள் தங்கும் கொட்டகையை விட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தேன். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் பழுப்பு நிலக்கரியை வாரி மறுபடி பெல்ட்டில் கொட்டுவது அங்கே என் வேலை. சமையல்காரரின் கருவாட்டுச் சட்டியில் பூனை தலையை விட்டுவிட்டாள். முதல் முறை இல்லை. காலையில் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "பூன இருக்கட்டுமா, நீ இருக்கிறியா, ஒன்னச் சொல்லு" என்றார்.

"ரெண்டு பேரும் கெளம்பிடறோங்க" என்றேன்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. "ஒரு பூனைக்காவாடா?" என்று பின்னால் கேட்டுக்கொண்டே வந்தார். அதற்குள் நான் துண்டைக் கட்ட ஆரம்பித்திருந்தேன்.

வேலையை விட்டுக் கிளம்புவது எனக்குப் பழக்கம்தான். பண்ருட்டியில் பலாப்பழ மண்டி, விருத்தாசலத்தில் லாட்ஜ், போர் போடும் லாரியோடு ஆந்திரா வரை என்று எத்தனையோ இடம் போய்விட்டு வந்தவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான், ஒரு நாள் காலையில் வேறு பக்கம் நடந்தேன். ஆனால் அன்றைக்குப் போல அத்தனை வேகமாக எந்த இடத்தையும் விட்டு நடந்ததில்லை. ஓட வேண்டும் போல இருந்தது. மேஸ்திரி மேல் கோபம் ஏதும் இல்லை. எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது.

யோசனை முந்தின நாள் சாயங்காலம் டீக்கடையில் பிறந்தது. வளையமாதேவியிலிருந்து வந்த ஒரு விவசாயி பெஞ்சில் உட்கார்ந்து, தன் கறவை மாடு செத்துப்போனதையும் அதற்கு இன்சூரன்ஸ் வந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். "நெலம் எப்ப சுரங்கத்துக்குப் போவும்னு தெரியல. மாட்டயாவது எழுதி வெப்போம்னுதான் போட்டேன்" என்றார். கையில் கண்ணாடி கிளாஸோடு நான் அப்படியே நின்றேன். மாட்டுக்கு உண்டு என்றால் பூனைக்கும் இருக்கத்தானே வேண்டும்? அதுவரை அப்படி ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. என் பெயரில்கூட ஒரு பாலிசி கிடையாது.

பூனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலம் சாலையில் சாம்பல் ஏற்றிய ஒரு லாரி அவளை இடித்துவிட்டுப் போனது. எடுத்துப் பார்த்தபோது பின்பக்கம் முழுக்கத் தொங்கியது. இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது என்றும், பெட்டிக்குள் அசையாமல் வைத்திருந்தால் தானே கூடும் என்றும் அங்கிருந்த மாட்டு டாக்டர் சொன்னார். ஊசிக்கும் மருந்துக்கும் என் சைக்கிள் போனது. எலும்பு கூடியது. கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பாள், ஆனாலும் கொட்டகைச் சுவர் மேல் ஏறுவாள். அதிலிருந்து எனக்கு ஒரே பயம்தான்: இன்னொரு முறை அவளுக்கு ஏதாவது ஆனால் விற்பதற்கு என்னிடம் சைக்கிள் கிடையாது.

வாசல் ஆர்ச்சைத் தாண்டி நகரியத்துக்குள் வந்ததும் நிழல் வந்துவிட்டது. நேரான சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள், மரங்களுக்குப் பின்னால் ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ். எந்த பிளாக், எந்த நம்பர் என்று தெரியாதவன் அங்கே நாள் முழுக்கச் சுற்றலாம். எனக்குத் தெரியும். பாலிசி ஏஜென்ட் அக்கா ஒருவர் கொட்டகைக்கு வந்து எல்லோருக்கும் ஆயுள் காப்பீடு பற்றிப் பேசி, முகவரி அச்சடித்த சின்ன காலண்டர் அட்டை கொடுத்திருந்தார். மற்றவர்கள் பீடி நெருப்புக்குக் கிழித்துவிட்டார்கள். நான் மட்டும் பையில் வைத்திருந்தேன், பின்னால் ஒரு நல்ல மாதா படம் இருந்ததால்.

கேட்டைத் திறந்தபோது அக்கா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"இன்னா தம்பி, அன்னிக்கு வேணாம்னு போயிட்ட. இப்ப மனசு மாறிடுச்சா?"

"மாறிடுச்சுக்கா. ஒரு பாலிசி போடணும்."

"வா, வா, உள்ள வா. யார் பேருக்கு, ஒம்பேருக்கா?"

கூடையைக் கீழே வைத்துத் துண்டை விலக்கினேன். பூனை தலையை வெளியே நீட்டி அக்காவைப் பார்த்தாள்.

அக்கா கையிலிருந்த ஈரத் துணியைக் கொடியில் போட்டார். பிறகு வீட்டைப் பார்த்து, "ஏங்க, எழுந்து வாங்க. இங்க ஒரு பார்ட்டி வந்துருக்குது" என்று குரல் கொடுத்தார்.

அவர் கணவர் சுரங்கத்தில் ஆபரேட்டர், பர்மனென்ட். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தூக்கம் கலைந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நாமினி யாரு?" என்றார்.

"நாந்தாங்க சார்."

"பூனைக்கு நீ நாமினி. ஒனக்கு யாரு நாமினி?"

யோசித்துப் பார்த்தேன். "பூனதான் சார்."

"அடேயப்பா, ரெண்டு பேரும் ஒன்னா பூட்டா கம்பெனிதான் பொழைக்கும்" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போய் எனக்கு மோரும் பூனைக்குக் கொஞ்சம் பாலும் கொண்டுவந்தார். பால் ஒரு நொடியில் காலியானது. இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அதுவும் போனது.

அக்கா டச் போன் வைத்திருந்தார். பூனைக்கு இன்சூரன்ஸ் என்று அதில் தேடினார். ஒரு வெளிநாட்டுப் பக்கம் வந்தது. சோபாவில் படுத்திருக்கும் ஒரு வெள்ளைப் பூனையின் படம், அதற்குக் கீழே பாலிசி வகைகள். மூன்று பேரும் போன் மேல் குனிந்தோம். அக்கா ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்லச் சொல்ல எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நோய் வந்தால் பார்ப்பார்களாம். அடிபட்டால் பார்ப்பார்களாம். ஆபரேஷன் செய்வார்களாம். காணாமல் போனால் நோட்டீஸ் அடித்து ஒட்டுகிற செலவும் உண்டாம்.

"பல்லுக்குக் கூட தர்றாங்கப்பா" என்றார் அக்கா.

"எனக்கே பல்லுக்கு எழுதித் தர மாட்டேன்றான் ஆஸ்பத்திரில" என்றார் கணவர்.

எங்களால் வாங்க முடியாத பாலிசி என்று மூவருக்குமே தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் உட்கார்ந்து தேர்வு செய்தோம். இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது, அன்றைக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. விபத்துக்கு மட்டும் போட்டால் போதும் என்றார் கணவர். நோய்க்கும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்றார் அக்கா. பல் வேண்டாம், எலி பிடிக்கிற பூனைக்குப் பல் தானாக நன்றாக இருக்கும் என்று நான் விட்டுக்கொடுத்தேன். நோட்டீஸ் செலவையும் விட்டுக்கொடுத்தேன். அவள் தொலைய மாட்டாள், நான்தான் ஊர் ஊராகத் தொலைகிறவன். ஆபரேஷன் மட்டும் கட்டாயம் வேண்டும் என்றேன். ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுப்பது போல அத்தனை பேச்சு.

கடைசியில் அக்கா போனை மூடிவிட்டு, "சரி, நம்ம ஊரு கதைக்கு வருவோம்" என்று பொதுக் காப்பீட்டுக் கம்பெனியில் தனக்குத் தெரிந்த ஆபீசருக்குப் போன் போட்டார். ஆயுள் பாலிசி விற்கிறவருக்கு இந்தப் பக்கம் அவ்வளவு பழக்கம் இல்லை. ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"பசு, எருமை, ஆடு இருக்கு. நாய்க்கு ஒன்னு இருக்கு. பூனைக்கு யாரும்மா கேக்கறாங்க?" என்றார் ஆபீசர்.

"இங்க ஒருத்தரு வந்து உக்காந்துகினு இருக்காரு சார்."

"அப்படி எதுவும் கிடையாதும்மா."

"நாய்க்குன்னா வளக்கற பிராணின்னு அர்த்தம்தான சார்? பூனையும் வூட்லதான வளருது. நீங்க மேல எழுதிக் கேளுங்க. நானும் பத்து வருசமா தொழில் பண்றேன், இதுவரிக்கும் ஒங்க கிட்ட ஒன்னும் கேட்டதில்ல."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. மாட்டுக்குப் போடுவது போல எழுதச் சொல்லிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் நாய்க்குப் போடுவது போல எழுதலாம், எது வேண்டும் என்று முடிவு பண்ணுங்கள் என்றார். எதுவாக இருந்தாலும் போட்டோ வேண்டும். பிராணி நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது என்று கால்நடை டாக்டர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட் வேண்டும். அது வந்தால் மேலிடத்துக்கு அனுப்பிப் பார்க்கிறேன் என்றார்.

போனை வைத்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். கிடைத்துவிட்டது போலவே இருந்தது.

"உக்காரு, உக்காரு. எது வேணும்னு மொதல்ல சொல்லு" என்றார் கணவர். "மாட்டு பாலிசியே போடு. அதுதான் சுலபம். காதுல ஒரு வில்ல குத்துவான். செத்துப்போச்சுன்னா வில்லையக் காட்டுனாப் போதும், பணம் வந்துரும். கேள்வியே கெடையாது."

"காதுல வில்லையா?" என்று நான் பூனையின் காதைப் பார்த்தேன். மாடுகளின் காதில் அந்த மஞ்சள் வில்லையைப் பார்த்திருக்கிறேன். பூனையின் காதைவிட அது பெரிது.

"செத்தா பணம்" என்றார் அக்கா. "செத்ததுக்கப்பறம் பணத்த வாங்கி இந்தப் புள்ள இன்னாங்க பண்ணும்? மாடு செத்தா வேற மாடு வாங்கலாம். இது அப்டியா?"

"சாவாம இருக்கணும்னா அதுக்கு ஏதுடி பாலிசி?"

"நாய்க்குப் போடறதுல வைத்தியச் செலவு சேத்து கேக்கலாமாம். நான் படிச்சிருக்கேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அதிகம் யோசிக்கவில்லை. விற்க இன்னொரு சைக்கிள் இல்லாத குறைக்குத்தான் நான் வந்திருந்தேன். அவள் செத்த பிறகு வரும் பணம் எனக்கு எதற்கு? "நாய் பாலிசிங்க" என்றேன்.

அக்கா கையைத் தட்டாத குறை. "நம்ம ஏரியாவுல பூனைக்குப் போட்ட மொத ஏஜென்ட்டு நான்தான்" என்று அப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார். போட்டோ எடுக்க முற்றத்துக்குப் போனோம். பூனை மாமரத்தில் ஏறப் பார்த்தாள், ஆனால் பாதியிலேயே சறுக்கி இறங்கிவிட்டாள். அவள் அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை. பால் குடித்த மயக்கம் என்று நினைத்தேன். கணவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, அக்கா படம் எடுத்தார். படத்தில் பூனையைவிட கணவரின் கைலிதான் நன்றாக விழுந்திருந்தது.

கால்நடை மருந்தகம் மத்தியானத்துக்கு மேல் திறக்கும் என்பதால் அங்கேயே சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டேன். பிறகு கணவர் தன் டி.வி.எஸ். வண்டியில் கூடையை முன்னால் வைத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சர்டிபிகேட்டில் என்ன எழுத வேண்டும் என்று வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பிளாக் பிளாக்காக மரங்கள் பின்னால் ஓடின. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு காரியத்தை முறைப்படி செய்யப் போகிறேன் என்று அவ்வளவு சந்தோஷம்.

மருந்தகம் நகரியத்துக்கு வெளியே ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். வாசலில் மாட்டை நிறுத்தி ஊசி போடும் இரும்புச் சட்டம். அதைச் சுற்றி வழிக்காத சாணி. டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். ஒரு கையால் கன்றுக்குட்டியின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். கன்று பாதி மருந்தை அவர் மேலேயே துப்பியது.

எங்கள் முறை வந்தபோது, "என்னண்ணா பூனைக்கு?" என்றார்.

"ஒன்னும் இல்லைங்க மேடம். நல்லா இருக்குன்னு எழுதித் தரணும். இன்சூரன்ஸுக்கு."

கையைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "பூனைக்கா? நான் படிச்சு முடிச்சு வந்து இதுவரைக்கும் இப்படி யாரும் கேட்டதில்ல." அவருக்கும் அது பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. பூனையை மேஜை மேல் வைக்கச் சொன்னார். கண்ணைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், காதுக்குள் பார்த்தார். வயிற்றை மெதுவாக இரண்டு விரலால் அழுத்தியவர், இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார்.

"என்ன சாப்புடறா?"

"கெடைக்கறதெல்லாம் மேடம். இப்பக் கொஞ்ச நாளாக் கருவாட்டுச் சட்டியையே விட மாட்டேன்றா."

"விட மாட்டா. வயித்துல குட்டி இருக்குண்ணா. மூணு குட்டியாவது தெரியுது. இன்னும் ரொம்ப நாள் இல்ல."

கணவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "யோவ், ஒன்னுக்கு பாலிசி கேட்டு வந்த, இப்ப குடும்ப பாலிசி ஆயிடுச்சு." எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. தின்று கொழுத்திருக்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? அந்த மேஸ்திரியிடம் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கை இப்போது பூனையின் இடுப்பில் இருந்தது. "இங்க என்ன ஆச்சு?"

லாரியைச் சொன்னேன். பெட்டியில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"எலும்பு கோணலாக் கூடியிருக்கு. குட்டி வெளிய வர்ற வழி குறுகிடுச்சு. தானாப் போட்டாலும் போடுவா, போடாமலும் போகலாம். வலி எடுத்து வரலைன்னா ஒடனே வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கணும். லேட்டானா தாய் தங்காது." பேனாவை எடுத்தவர் மறுபடி மூடி வைத்தார். "நல்ல ஆரோக்கியம்னு நான் எப்படிண்ணா எழுதறது? எழுதுனாப் பொய்."

நாய் பாலிசியும் மாட்டு பாலிசியும் அத்தோடு போய்விட்டன. கையெழுத்து இல்லாமல் ஆபீசர் எதையும் மேலே அனுப்ப மாட்டார். ஆனால் அந்த நிமிடத்தில் நான் பாலிசியை நினைக்கவில்லை. குட்டி என்று கேட்ட சந்தோஷம் இன்னும் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் கை தானாகப் பூனையின் கோணல் இடுப்பைத் தடவியது.

"ஆபரேஷன் நீங்க செய்வீங்களா மேடம்?"

"செய்வேன். நேரத்துக்குக் கொண்டுவந்தா. அன்னிக்கு நீங்க எந்த ஊர்ல இருப்பீங்க?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. அன்று இரவு எங்கே படுப்பேன் என்றே நான் முடிவு செய்திருக்கவில்லை. பூனையை மேஜையிலிருந்து தூக்கி மார்போடு வைத்துக்கொண்டேன்.

கணவர் அதற்குள் ஜன்னல் வழியாக வெளியே இருந்த சாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா மேடம், இங்க உதவிக்கு ஆளே இல்லயா?"

"இருந்தவருக்கு மாறுதல் ஆயிடுச்சு. புது ஆள் எப்ப வருவாங்கன்னு தெரியல. மாடு பிடிக்கக் கூட ஆள் இல்லாமத் தனியாக் கெடந்து அவஸ்தைப்படறேன்."

"அப்ப இவன வெச்சுக்கங்க" என்றார் அவர், கடையில் பொருள் காட்டுவது போல என்னைக் காட்டி. "எங்க டவுன்ஷிப்புல வைத்தியத்துக்குன்னு தனியா யாரும் இன்சூரன்ஸ் போடறதில்ல மேடம். வேல இருக்குதா, கம்பெனி ஆஸ்பத்திரி புக்கு இருக்குது. பொண்டாட்டி, புள்ள, அப்பா, அம்மா எல்லாம் போட்டோ ஒட்டி அதுல உள்ள. அந்த மாதிரி இவன் இங்க வேல செய்யட்டும். பூன இவன் டிபென்டன்ட்டு."

டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாடு பிடிப்பீங்களா?"

"எருமையும் பிடிப்பேன் மேடம்."

"என் கைக்காசுலதான் குடுப்பேன். அதிகமா எதிர்பார்க்காதீங்க. பின்னால ஒரு ரூம் இருக்கு, மூட்டை எல்லாம் கெடக்கு, ஒதுக்கிட்டுப் படுத்துக்கலாம்."

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்டேன். "வலி எடுத்தா, எந்நேரமா இருந்தாலும் நீங்க வருவீங்களா?"

"நான் அடுத்த தெருவுலதான் குடியிருக்கேன்."

கணவருக்கு இது போதவில்லை. அவர் நகரியத்துக்காரர், எதையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். "பர்மனென்ட்டா மேடம், காண்டிராக்ட்டா?"

"குட்டி போடற வரைக்கும் பர்மனென்ட்" என்றார் டாக்டரம்மா. அப்போதுதான் அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

கணவர் வாசலில் நின்று அக்காவுக்குப் போன் பண்ணினார். அக்காவுக்கு வருத்தம்தான், முதல் ஏஜென்ட் ஆகும் வாய்ப்பு கைக்கு வந்து போய்விட்டது. ஆனால் குட்டி என்றதும் அந்தப் பக்கம் குரல் மாறியது. கணவர் போனை என் காதில் வைத்தார். "தம்பி, ஒன்னு எனக்கு. பொட்டக் குட்டியா பாத்து வெச்சுக்க. இப்பவே சொல்லிட்டேன்" என்றார் அக்கா.

மறுநாள் காலை மருந்தகம் திறக்கும் முன்பே சாணியை வழித்து, இரும்புச் சட்டத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். பின்னறையில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே மருந்து அட்டைப்பெட்டி ஒன்றில் போர்வையை மடித்துப் போட்டிருந்தேன். பூனை அதில் சுற்றிச் சுற்றி வந்து, பிடிக்காமல் வெளியே குதித்து, மறுபடி உள்ளே போய்ப் படுத்தாள். முதல் கேஸாக ஒரு பெரியவர் வெள்ளாட்டைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்தார். ராத்திரி அரிசிச் சோறு தின்று அதற்கு வயிறு பறை மாதிரி ஊதியிருந்தது. இரும்புச் சட்டம் ஆட்டுக்கு ஆகாது, ஆள்தான் பிடிக்க வேண்டும். தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஆட்டை என் இரண்டு தொடைக்கும் நடுவில் நிறுத்தி, கொம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தலையை உயர்த்தினேன். டாக்டரம்மா மருந்துக் குழாயோடு குனிந்தார்.

"உதறும். விட்றாதீங்கண்ணா" என்றார்.

"பிடிச்சிட்டேன் மேடம், நீங்க ஊத்துங்க" என்றேன்.